பள்ளித் தோட்டத்தை வைத்து நுண்காலநிலையை (ஒரு சிறிய இடத்துக்குள்ளேயே வெப்பமும் ஈரமும் இடத்துக்கிடம் மாறுபடுவதை) பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

முதலிலேயே வரைவிலக்கணத்தை எழுதிப்போடாதீர்கள். காலை பத்து மணிபோல வெளியே கூட்டிக்கொண்டுபோய் சீமெந்துத் தரை, புல், மாமரத்தடி மண் மூன்றையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே தோட்டத்துக்குள் இத்தனை வித்தியாசமா என்று அவர்களே கேட்பார்கள். சீமெந்து வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். மரம் நிழல் தருவதோடு இலைவழியாக நீராவியையும் விடுவதால் அடியில் குளிர்ச்சி.

அப்புறம் வெப்பமானி. நேர்வெயிலில் பிடித்தால் அதுவே சூடாகி, காற்றின் வெப்பத்தைக் காட்டாமல் விட்டுவிடும், அதனால் மட்டைத் துண்டொன்றால் மறைத்து, எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து வாசிக்கட்டும். (என் வகுப்பில் ஒருவன் குமிழை விரலால் பிடித்துக்கொண்டு 34 என்றான்!)

மதிலின் எந்தப் பக்கம் அதிகம் சூடாகும் என்று சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் தெற்குப் பார்த்த சுவர்தான் சூடு என்று இருக்கும். கொழும்பு பூமத்தியரேகைக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அப்போது வெயில் வடக்கு முகத்தில், டிசம்பரில் மாறிவிடும். ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை மதில் நிழலைச் சோக்கால் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.