நெல் வித்த காசைச் சேமிப்பது 1 தீமோத்தேயு 6:17க்கு முரணா?

இல்லை. காலபோக நெல் வித்த காசை வங்கியில் போடுவதை அந்த வேதாகம வசனம் தடுக்கவில்லை. நிலையற்ற செல்வத்தின்மேல் நம்பிக்கை வைக்காதீர்கள், பெருமை கொள்ளாதீர்கள் என்றுதான் இருக்கிறது. அடுத்த வசனம் தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறது. அறுப்புக்காலத்தில் தானியம் சேர்க்கும் எறும்பை நீதிமொழிகள் 6:8 மெச்சவும் செய்கிறது. 2009இல் போரால் வீடும் காணியும் விட்டு வெளியேறிய வன்னிச் சனத்துக்கு "நிலையற்ற" என்பதை விளக்கத் தேவையில்லை.

பிழை எங்கே என்பதை இயேசு சொன்ன உவமை ஒன்று (லூக்கா 12:16-21) காட்டுகிறது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனின் பேச்சில் என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமா, வேறொருவரும் இல்லை. அந்த உவமை சொல்லப்பட்டதே சகோதரரின் சொத்துப் பங்கீட்டுக் கேள்விக்குத்தான் (12:13). காணிப் பிணக்கில் நிற்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

நடைமுறையில், காசு கைக்கு வந்த அன்றே விதைநெல், கடன், அடுத்த போகச் செலவு ஆகியவற்றோடு பிறருக்குரிய பங்கையும் எடுத்து வையுங்கள். மிஞ்சினால் கொடுப்போம் என்றால் மிஞ்சாது.