மகள் வானொலிக்குப் போகலாமா?

ஐயா, வணக்கம்.

“கம்ப்யூட்டரே பேசுகிறது என்கிறார்கள், இவளை யார் கூப்பிடப் போகிறார்கள்?” என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். பிளஸ் டூ முடித்த மகள் வானொலி அறிவிப்பாளராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாதத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா என்ற கேள்விக்குப் பதில் சுலபம்: கட்ட வேண்டாம். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

உங்கள் பயம் வீண் பயமல்ல. இரவு பத்து மணிக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நீங்கள் கேட்கும் குரல் மத்தியானமே பதிவு செய்ததாக இருக்கலாம். இதை வாய்ஸ் டிராக்கிங் என்கிறார்கள். திரையில் மூன்று பட்டைகள் தெரியும். மேலே முடியப்போகும் பாட்டின் வால், நடுவில் அறிவிப்பாளரின் குரல், கீழே அடுத்த பாட்டின் தலை. பாடகர் வாய் திறக்க 14 விநாடி இருக்கிறது என்றால், உங்கள் மகள் பேச்சை அந்த 14 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். பாட்டுகளை முழுதாகக் கேட்க வேண்டியதில்லை என்பதால், நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சை ஒரு மணி நேரத்துக்குள் பதிந்துவிடலாம். பாட்டு, விளம்பரம், நேர அறிவிப்பு எல்லாவற்றையும் மென்பொருள் வரிசையாக ஓட்டிக்கொள்ளும்.

இனி இது இன்னும் வேகமாகும். நிலையத்துக்கே போகாமல் வீட்டிலிருந்து பிரவுசர் வழியாகப் பதிவு செய்வது பல மென்பொருள்களில் வந்துவிட்டது. பாட்டில் குரல் எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருளே கண்டுபிடித்துக் குறிக்கிறது. பேசியதை எழுத்தாக மாற்றி, எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் ஒலியிலும் அது அழியும்படி திருத்தும் கருவிகளும் வந்துவிட்டன. ஆட்களை உறுத்துவது செயற்கைக் குரல்தான். 2023இல் அமெரிக்காவில், செயற்கைக் குரலே நிகழ்ச்சி நடத்தும் ரேடியோஜிபிடி என்ற மென்பொருளை அறிவித்தார்கள். அதே ஆண்டு போர்ட்லாந்து நகரத்து நிலையம் ஒன்று தன் அறிவிப்பாளரின் குரலையே நகலெடுத்துப் பேசவைத்தது. சிட்னியில் காடா என்ற நிலையம் ‘தை’ என்ற செயற்கைக் குரலை மாதக்கணக்கில் ஓட்டிய செய்தி 2025இல்தான் வெளியே வந்தது. அதுவரை பலரும் மனிதக் குரல் என்றே நினைத்திருந்தார்கள். போலந்தின் கிராகோவில் மட்டும் கதை வேறு. 2024 அக்டோபரில் அங்கே ஒரு நிலையத்தில் ஆட்களை விலக்கிவிட்டு இயந்திரக் குரல்களை உட்கார்த்தினார்கள். இறந்துபோன கவிஞர் சிம்போர்ஸ்காவைப் ‘பேட்டி’யும் எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

ஆக, பாட்டின் பெயரையும் மணியையும் மட்டும் சொல்லும் அறிவிப்பாளருக்கு இனி வேலை இல்லை. உங்கள் மகள் அப்படிப்பட்டவளா என்பதுதான் கேள்வி.

என் கதை ஒன்று சொல்கிறேன். இந்த வேலைவாய்ப்பு ஆலோசனைத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு சிறிய நிலையத்தில் பகுதி நேரமாகப் பேசினேன். மறுநாள் காலை நிகழ்ச்சியை முதல் நாள் மாலையே பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவில் ஹர்த்தால் அறிவித்தார்கள். காலை ஏழு மணிக்கு, ஒரு பஸ்கூட ஓடாத சாலையைப் பார்த்து, “வேலைக்குக் கிளம்பிவிட்டீர்களா, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததா?” என்று என் குரல் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஒரு வாரம் என்னை ஜன்னலோர சீட் என்றே கூப்பிட்டார். மென்பொருள் மேல் தவறில்லை. சொன்னதைச் சொன்ன நேரத்தில் ஒலித்தது. அந்தக் கோப்பை நீக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் அங்கே இல்லை.

அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது விவசாயியான உங்களுக்கே தெரியும். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக மூலத்தறைத் தடுப்பணைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று சித்தூர் தாலூகா முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் நாட்கள் உண்டு. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்பதை இயந்திரமும் சொல்லும். எந்த வாய்க்காலில் இன்று காலை தண்ணீர் ஏறியது என்பதை யாராவது போய்க் கேட்டு வந்தால்தான் உண்டு. தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆனால் 2011 கொள்கைப்படி குடிநீர், மின்சாரம், வானிலை, தேர்வு முடிவு போன்ற தகவல்களைச் சொல்லலாம். (வேலைவாய்ப்பு ஆலோசனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என்னை யாரும் இன்னும் கூப்பிடவில்லை.)

இன்னொன்று, நம் எல்லைப் பேச்சு. தமிழில் ககரம் ஒன்றுதான். கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை இரண்டையும் அதே ககர வரிசையில்தான் தொடங்குகிறோம், ஒலி வேறு. நம் வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எழுத்தைப் பார்த்து வாசிக்கும் குரல் இதை ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஒழலப்பதி, எருத்தேம்பதி என்றால் இன்னும் திண்டாடும். வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசி வளர்ந்தவளுக்கு இந்தத் தொழிலில் அதுவே மூலதனம். மலையாளத்தை வாசிக்கவும் எழுதவும் தடுமாறுகிறாள் என்றால், முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பட்டப்படிப்பை விடவே கூடாது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கலாம். சமுதாய வானொலி வைத்திருக்கும் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் இதழியல் கிடைத்தால் இன்னும் நல்லது, மைக் முன்னால் உட்காரும் வாய்ப்பு முதல் ஆண்டிலேயே வரும். ஆகாசவாணியின் தற்காலிக அறிவிப்பாளர் தேர்வையும் எழுதட்டும். ஆனால் அதில் மாதத்தில் சில நாட்கள்தான் வேலை; அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

மென்பொருளுக்குப் பணமே வேண்டாம். விண்டோஸில் ரேடியோடிஜே, லினக்ஸில் ரிவெண்டெல், ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, மூன்றும் இலவசம். மூன்று மாதம் வீட்டிலேயே ஒரு மணி நேர நிகழ்ச்சியை நாள்தோறும் அடுக்கிப் பழகட்டும். பேசத் தெரிந்தவர்கள் ஏராளம். மென்பொருள் நடு இரவில் நின்றுபோனால் சரிசெய்யவும் தெரிந்த அறிவிப்பாளரை நிலையங்கள் எளிதில் விடாது.

வேலை கிடைத்தால் ஒப்பந்தத்தை என்னிடம் ஒரு முறை காட்டுங்கள். பதிவுகளை வைத்து அவள் குரலை நகலெடுக்கலாம் என்ற வரி அதில் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம், தனிச் சம்பளம் பேசாமல். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இப்படி நகலெடுத்ததற்கு 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்குப் போட அவருக்கு வசதி இருந்தது, நமக்கு அந்த வரியை அடித்துவிடுவதே மலிவு.

அடுத்த மாதம் அவளை மூன்று நிமிடப் பதிவோடு அனுப்புங்கள். மாடியில் உட்கார்ந்து பேச வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் இரைந்துகொண்டே இருக்கும். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று பேசட்டும்.