கேம்பர் இழுக்கப் பெரிய டைனமோ வேண்டுமா? பெங்களூர் கேள்வி பதில்

விவேக் நகர்: அண்ணா, டீசல் எஸ்யூவி, 120 ஆம்பியர் ஆல்ட்டர்னேட்டர் (டைனமோ). பின்னால் இழுக்கும் கேம்பரில் (தங்கும் டிரெய்லர்) 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி, ஒரு ஃபிரிட்ஜ். எலெக்ட்ரீஷியன் 180 ஆம்பியர் டைனமோ மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 50 ஏஎச். வண்டி மின்சாரத்தை கேம்பர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மடிகேரி போய்ச் சேர்வதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். ஆனால் டைனமோ மேல் போட்டிருக்கும் 120, இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. சில்க் போர்டு நெரிசலில், சூடேறி, ஐடிலில் நின்றால் பாதி வந்தாலே பெரிது. மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள சார்ஜராக வாங்குங்கள்.

கம்மனஹள்ளி: சார்ஜருக்குப் பதில் ஒரு ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) போட்டு நேரே இணைத்தால் செலவு மிச்சமாகுமே?

டைனமோவுக்குச் செலவு வைப்பீர்கள். லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஐடிலில் டைனமோவின் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு இறங்காமல் டயோடும் கம்பிச் சுருளும் கருகும்.

அல்சூர்: எத்தனை ஸ்கொயர் (சதுர மிமீ) ஒயர் சார்? 6 போதுமா?

போதாது. 30 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர், தன் இழப்பையும் சேர்த்து, உள்ளே சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து கேம்பருக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12. 6 ஸ்கொயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். வோல்டேஜ் குறைவென்று சார்ஜர் நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். 16 ஸ்கொயரில் இழப்பு அரை வோல்ட்தான்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வைத்துவிட்டு வாருங்கள். ஒயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கக் கூடாது. ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். 60 ஆம்பியர் ஃபியூஸ் வண்டி பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். கேம்பர் பேட்டரி பக்கமும் ஒன்று வேண்டும். ஒயர் உரசினால் அந்தப் பேட்டரியும் நெருப்பு வைக்கும். இழுவைக் கொக்கியை எர்த்தாக நம்பாதீர்கள், அங்கே கிரீஸும் துருவும்தான். அதே 16 ஸ்கொயரில் தனி நெகட்டிவ் ஒயர் இழுங்கள். இணைப்புக்கு 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர். விளக்குக்கான 7 பின் பிளக் இந்த ஆம்பியரைத் தாங்காது.

ஸ்ரீராமபுரம்: 180 போட்டாயிற்று. மெயின் ஃபியூஸ் போய்விட்டது, பெல்ட்டும் கீச்சிடுகிறது.

ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து ஒயரே ஃபியூஸாகிவிடும். டைனமோவிலிருந்து பேட்டரிக்கு 50 ஸ்கொயர், 200 ஆம்பியர் ஃபியூஸ், இன்ஜின் எர்த் பட்டையும் அதே கனத்தில். பிறகு ஏசி, ஹெட்லைட் போட்டு, 2,000 ஆர்பிஎம்மில் மல்டிமீட்டரின் ஒரு முனையை டைனமோ பாசிட்டிவ் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு லக் சரியில்லை. பெல்ட்டுக்கு டென்ஷனரையும் புல்லி நேர்க்கோட்டையும் பாருங்கள். ஸ்ப்ரே அடிப்பது வைத்தியமல்ல.

ஒயிட்ஃபீல்ட்: பிஎஸ்6 வண்டி. வேறு ஏதாவது கவனிக்கணுமா?

இரண்டு. பல பிஎஸ்6 வண்டிகளில் டைனமோ வோல்டேஜ் ஈசியூ (இன்ஜின் கணினி) சொல்படி ஏறி இறங்கும்; வோல்டேஜை வைத்து இன்ஜின் ஓடுகிறதா என்று சார்ஜருக்குத் தெரியாது. அதனால் சார்ஜரின் இக்னிஷன் சிக்னல் ஒயரை இணைத்தே ஆக வேண்டும். பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பில் குட்டி சென்சார் இருந்தால், சார்ஜரின் நெகட்டிவை அந்த முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் கேம்பர் இழுக்கும் மின்சாரம் ஈசியூ கணக்கில் வராது.