மதியத்தில் மட்டும் குளிராத ஏ.சி.

கேள்வி: என் காரில் ஆட்டோ ஏ.சி. இருக்கிறது. போன மாதம் டேஷ்போர்டுக்கு மேட் போட்டேன். 24-ல் வைத்தால் இரவில் நன்றாகக் குளிர்கிறது. மதியம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றாலோ முகம் எரிகிறது, ஃபேன் வேகம் ஏறவே மாட்டேன் என்கிறது. வெயில் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள் சர்வீஸில். மாற்றலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் மேட்டை எடுத்துவிட்டு மதிய வெயிலில் ஓட்டிப் பாருங்கள்.

டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடியை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஒரு குமிழ் இருக்கும். அதுதான் வெயில் சென்சார். அதற்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் போட்டோடயோடு. வெயில் ஏற ஏற அதில் மின்னோட்டம் கூடும். காருக்குள் இருக்கும் இன்னொரு சென்சார் காற்றின் சூட்டை மட்டும்தான் அளக்கும். கண்ணாடி வழியாக நேரே உங்கள் மேல் விழும் வெயில் அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது இந்தக் குமிழ்தான். வெயில் அதிகம் என்று தெரிந்ததும் ஏ.சி. ஃபேனைக் கூட்டும், இன்னும் குளிர்ந்த காற்றை அனுப்பும். மேட் மூடிவிட்டால் அதற்குச் சித்திரை மதியமும் இரவுதான். பிள்ளையார் சிலை, சென்ட் பாட்டில் எதை வைத்தாலும் இதே கதைதான்.

பல கார்களில் தானாக எரியும் ஹெட்லைட்டுக்கும் இதே குமிழ்தான். பட்டப்பகலில் ஹெட்லைட் தானாக எரிந்தால், ஏதோ மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேட்டை எடுத்த பிறகு, வெயிலில் நிறுத்தி, ஃபேனையும் ஆட்டோவிலேயே விட்டு, குமிழைக் கையால் சில நிமிடம் மூடிப் பாருங்கள். வேகம் மெதுவாகக் குறைந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது. உடனே குறையாது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வெயிலும் மரநிழலும் மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் ஃபேன் ஏறி இறங்கினால் உட்கார முடியுமா? அதனால்தான் நிதானமாக மாறும்படி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், காரின் கோளாறுகளைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவியில் கோளாறு காட்டியது என்று சர்வீஸில் சொன்னால், எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். டொயோட்டா போன்ற சில கார்களில், இருட்டான ஷெட்டுக்குள் சோதித்தால் நல்ல சென்சாருக்கே கோளாறு குறியீடு வரும். ட்யூப்லைட் வெளிச்சம் போதாது. வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தி, உங்கள் முன்னாலேயே மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்போதும் கோளாறு வந்தால் மாற்றலாம். ஆனால் வாரண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய சென்சாரையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.