ஒஹாயோ சட்டசபையும் பண்பாட்டுப் போரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மாநிலச் சட்டசபைகள் கருக்கலைப்பு, திருநர் உரிமை, பள்ளிப் பாடநூல் போன்றவற்றைச் சுற்றியே சட்டமியற்றிக்கொண்டிருப்பது ஜனநாயகத்தை அரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒஹாயோவில் பதினைந்து ஆண்டுகளாக வசிப்பவன். குடியுரிமை பெற்று வாக்களித்து வருபவன். உங்கள் கட்டுரையில், படித்த நகரத்தாருக்கு ஊர்ப்புறத்தாரிடம் இருக்கும் இளக்காரம் தெரிகிறது என்பதை மரியாதையுடன் சொல்ல விரும்புகிறேன். குடும்பம், பிள்ளை வளர்ப்பு, மத நம்பிக்கை ஆகியவை சாதாரண மக்களுக்கு விலைவாசியைவிடச் சிறிய விஷயங்கள் அல்ல. என் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். தாங்கள் அனுப்பிய பிரதிநிதி தங்கள் நம்பிக்கைகளுக்கு ஏற்பச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்திருக்கிறது. அது தன் வாக்காளர்கள் கேட்டதைச் செய்கிறது. பிடிக்காதவர்கள் அடுத்த தேர்தலில் அதைத் தோற்கடிக்கட்டும். இதைத்தானே ஜனநாயகம் என்கிறோம்? இதையே மறுதரப்புக் கட்சி செய்திருந்தால் முற்போக்கு என்று பாராட்டியிருக்க மாட்டீர்களா?

அன்புடன்,
பெயர் வேண்டாம், கொலம்பஸ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் முற்பாதியோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. சாலையும் வரியும் மட்டுமே சட்டசபையின் வேலை என்று நான் கருதவில்லை. அடிமைமுறை ஒழிப்பும் பெண்களின் வாக்குரிமையும் மதுவிலக்கும் அமெரிக்காவில் ஒழுக்கம் சார்ந்த வாதங்களின் வழியாகவே அரசியலுக்குள் வந்தன. மதுவிலக்கைச் சாதித்த ஆன்டி சலூன் லீக் 1893இல் உங்கள் மாநிலத்தின் ஓபர்லின் நகரில்தான் தொடங்கப்பட்டது. பின்னர் கொலம்பஸை ஒட்டிய வெஸ்டர்வில்லிலிருந்து செயல்பட்டது. ஆகவே நம்பிக்கையை அரசியலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்வியை எழுப்பினாலும், மக்கள் தரும் பதிலை ஏற்றுக்கொள்ள ஒரு சபை கடமைப்பட்டது என்றே சொல்கிறேன். ஒஹாயோவில் நடந்ததை இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

‘அடுத்த தேர்தலில் தோற்கடிக்கட்டும்’ என்கிறீர்கள். அதைச் செய்ய முடிய வேண்டும் என்றுதான் ஒஹாயோ மக்கள் 2015இல் மாநிலச் சட்டசபைத் தொகுதிகளுக்காகவும் 2018இல் நாடாளுமன்றத் தொகுதிகளுக்காகவும், கட்சி லாபத்துக்காக எல்லைகளை வளைத்து வரைவதைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புத் திருத்தங்களை ஏறத்தாழ 71, 75 விழுக்காடு ஆதரவோடு நிறைவேற்றினார்கள். இரு கட்சி வாக்காளர்களும் சேராமல் இத்தகைய எண்கள் வராது. ஆனால் அதன்பின் வரையப்பட்ட சட்டசபை வரைபடங்களை மாநில உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று ஐந்து முறை நிராகரித்தது. நான்குக்கு மூன்று என்று அமைந்த அந்தத் தீர்ப்புகளில் பெரும்பான்மைப் பக்கம் நின்றவர்களில் ஒருவர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை நீதிபதி மௌரீன் ஓ’கானர். வரைந்தவர்கள் காலத்தைக் கடத்தினார்கள், தேர்தல் நெருங்கிவிட்டது, கடைசியில், நிராகரிக்கப்பட்ட வரைபடம் ஒன்றை வைத்தே 2022 தேர்தலை நடத்துமாறு கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தக் குளறுபடியால் சட்டசபைக்கான பிரைமரி தேர்தல் மட்டும் பிரிந்து ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. தமிழ்நாட்டில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும். அமெரிக்காவில் கட்சிக்கு உள்ளேயே ஒரு தேர்தல் நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் அந்த உட்தேர்தலே உண்மையான தேர்தல், நவம்பரில் நடப்பது சடங்கு. 2022 ஆகஸ்டில் அதற்கு வாக்களிக்க வந்தவர்கள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர். அப்படியொரு தொகுதியின் உறுப்பினர் எதிர்க்கட்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தன் கட்சிக்குள்ளேயே தன்னைவிடத் தீவிரமாகப் பேசும் ஒருவர் போட்டிக்கு வந்துவிடுவாரோ என்றுதான் அஞ்சுகிறார். மின்கட்டணம் பற்றியோ பள்ளி நிதிப் பங்கீடு பற்றியோ நூற்றில் அந்த எட்டுப் பேரிடம் தன் தீவிரத்தை நிரூபிப்பது கடினம். திருநர் பற்றிய ஒரு மசோதாவைக் கொண்டு ஒரே நாளில் நிரூபித்துவிடலாம். பண்பாட்டுப் போர் சபைக்குள் இவ்வளவு சுலபமாக நுழைவதற்கு, தேவாலயத்துக்குப் போகும் உங்கள் அண்டை வீட்டாரைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் குடியரசுக் கட்சி நேர்மையாகவே பெரும்பான்மை பெறக்கூடிய கட்சி. 2020இல் டிரம்ப் அங்கே 53 விழுக்காடு வாக்குகள் பெற்றார். எல்லைகளை எவ்வளவு ஒழுங்காக வரைந்தாலும் சபை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கும். ஆனால் 2022இல் 99 பேர் கொண்ட கீழவையில் அவர்களுக்குக் கிடைத்தவை 67 இடங்கள். ஆளுநரின் வீட்டோவை முறியடிக்கவும், அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் முன் வைக்கவும் தேவைப்படுவது ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60. சாதாரணப் பெரும்பான்மைக்கும் இந்தப் பெரும்பான்மைக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் அடுத்து நடந்தவை எல்லாம் நடந்தன.

கருவின் இதயத்துடிப்பு தெரிந்தபின், அதாவது ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப்பின், கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தில் 2019 ஏப்ரலில் ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்டார். நீதிமன்றத் தடையால் முடங்கிக் கிடந்த அந்தச் சட்டம், 2022 ஜூன் 24 அன்று நாடு முழுவதும் கருக்கலைப்பை உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த அன்றே நடைமுறைக்கு வந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குக்கூட அதில் விலக்கு இல்லை. எதிர்த்தவர்கள் நீங்கள் சொல்லும் ஜனநாயக வழியையே பின்பற்றினார்கள். குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி அரசியலமைப்புத் திருத்தத்தை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம், பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதும் என்ற உரிமை ஒஹாயோவில் 1912 முதல் இருக்கிறது. அதன்படி 2023 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு வரும் என்று தெரிந்தது.

சபை என்ன செய்தது? இனி இத்தகைய திருத்தங்களுக்கு 60 விழுக்காடு ஆதரவு தேவை, 44 கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளுக்கு) பதிலாக மாநிலத்தின் 88 கவுண்டிகளிலும் கையெழுத்துப் பெற வேண்டும் என்று ஒரு முன்மொழிவை நிறைவேற்றி, அதை நவம்பருக்கு முன்பே, ஆகஸ்ட் 8 அன்று, வாக்கெடுப்புக்கு விட்டது. வேடிக்கை என்னவென்றால், சில மாதங்களுக்கு முன்புதான், மக்கள் வருவதில்லை, செலவும் வீண் என்று காரணம் காட்டி ஆகஸ்ட் சிறப்புத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை ஒழிக்கும் சட்டத்தை இதே சபை இயற்றியிருந்தது. அரசியலமைப்பை அடிக்கடி திருத்தக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வேறொரு நேரத்தில், வேறொரு முறையில் அதை முன்வைத்திருந்தால் நானே ஆதரித்திருக்கக்கூடும். ஆனால் தேர்தல்களை நடத்தும் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் ஃபிராங்க் லரோஸ், இது முழுக்க முழுக்கக் கருக்கலைப்புத் திருத்தத்தைத் தடுப்பதற்காகத்தான் என்று தம் கட்சியினர் கூட்டத்தில் பேசிய பின்பு அந்த வாதத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? 60 விழுக்காட்டு விதியை 50 விழுக்காட்டு வாக்கால் நிறைவேற்றிக்கொள்ளப் பார்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஃப்ளோரிடாவில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அங்கே 60 விழுக்காட்டு விதி 2006இல் 58 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஆதரவில் நிறைவேறியது. 2024இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 விழுக்காடு பெற்றும் அதே விதியால் தோற்றது.

ஒஹாயோவில் ஆகஸ்ட் வெயிலில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களிக்க வந்தார்கள். 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 56.8 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. டிரம்ப் வென்ற கவுண்டிகள் பலவும் அதை ஆதரித்தன. ஞாயிறு தேவாலயத்துக்குப் போகிறவர்களின் வாக்கு இல்லாமல் அந்த எண் வந்திருக்க வழியில்லை. இளக்காரம் என்று எழுதியிருந்தீர்களே, அவர்கள் இப்படியும் வாக்களிக்கக்கூடியவர்கள் என்று எண்ணிப் பார்க்காதவர் யார்? தோற்ற பிறகும் கீழவை உறுப்பினர்கள் சிலர், இந்தத் திருத்தம் தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையே நீதிமன்றங்களிடமிருந்து பறித்துவிடலாம் என்று அறிக்கை விட்டார்கள். அதே கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் ஜேசன் ஸ்டீஃபன்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

திருநர் விவகாரத்தில் ஒருவேளை மக்களில் பெரும்பாலோர் சபையின் பக்கமே இருக்கலாம். அங்கும் என் ஆட்சேபணை நடைமுறை பற்றியது. 2022 ஜூன் 1 அன்று, ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் திட்டம் பற்றிய ஒரு மசோதாவில், இரவு வெகுநேரம் கழித்து, திருநர் மாணவிகள் பெண்கள் அணியில் விளையாடுவதைத் தடுக்கும் பகுதியைச் சேர்த்தார்கள். ஐயம் எழுந்தால் மாணவியின் பாலினத்தை உடற்பரிசோதனையின் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்ற வாசகமும் அதில் இருந்தது. அந்த மசோதா சட்டமாகவில்லை. பின்னர், 18 வயதுக்குட்பட்ட திருநருக்கான சிகிச்சைகளையும் தடை செய்யும் மசோதா வந்தபோது, ஆளுநர் டிவைன் மருத்துவமனைகளுக்குப் போய்க் குடும்பங்களோடு பேசிவிட்டு, 2023 டிசம்பரில் அதை வீட்டோ செய்தார். அடுத்த மாதமே அவருடைய சொந்தக் கட்சி அதை முறியடித்தது. 2022இல் யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் இதேபோன்ற மசோதாவை வீட்டோ செய்தபோது ஒரு கணக்கைக் காட்டினார்: பள்ளி விளையாட்டில் 75,000 மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் திருநர் நான்கு பேர், அவர்களிலும் பெண்கள் அணியில் விளையாடுபவர் ஒருவர். அங்கும் வீட்டோ முறியடிக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே எது கவனிக்கப்படாமல் போகிறது என்று பார்த்தால்தான் இந்த அரசியலின் முழு விலை தெரியும். இதயத்துடிப்புச் சட்டம் நிறைவேறிய 2019இல் கீழவையின் சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர். அதே ஆண்டு ஜூலையில் அவர் தலைமையில் ஆறாம் எண் மசோதா நிறைவேறியது. இரண்டு அணுமின் நிலையங்களுக்கு நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட உதவியை மக்களின் மின்கட்டணத்திலிருந்து வசூலித்துத் தருவதற்கான சட்டம் அது. அதற்காக ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 6 கோடி டாலர் லஞ்சம் ஓர் அமைப்பின் வழியாக வந்தது என்பது பின்னர் நிரூபணமாயிற்று. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய மக்கள் கையெழுத்து இயக்கம் தொடங்கியபோது, அதை முறியடிக்க வெளியான விளம்பரங்கள் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. சீன அரசு ஒஹாயோவின் மின்கட்டமைப்பைக் கைப்பற்றப் போகிறது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று மிரட்டின. அந்த இயக்கம் தேவையான கையெழுத்துகளைத் திரட்ட முடியாமல் தோற்றது. ஹவுஸ்ஹோல்டர் 2020 ஜூலையில் கைதானார். அதே ஆண்டு நவம்பரில், வாக்குச்சீட்டில் எதிர்த்து வேறொரு பெயர்கூட இல்லாத நிலையில், மீண்டும் வென்றார். 2021 ஜூனில்தான் சபை அவரை வெளியேற்றியது. 2023இல் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு சட்டம் மற்றொன்றை மறைப்பதற்காகவே கொண்டுவரப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைதான சபாநாயகரையே போட்டியில்லாமல் வெல்லவைக்கும் தொகுதியில், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கட்டும் என்ற உங்கள் யோசனை எப்படிச் செயல்படும்?

மறுதரப்புக் கட்சி பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். இல்லினாய்ஸிலும் மேரிலாந்திலும் ஜனநாயகக் கட்சியினர் வரைந்த எல்லைகள் ஒஹாயோவுக்கு எவ்விதத்திலும் சளைத்தவை அல்ல. அவற்றை முற்போக்கு என்று நான் அழைக்கப் போவதில்லை.

ஒஹாயோவில் எல்லைகளை வரையும் பொறுப்பை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் ஆணையத்திடம் தரும் திருத்தம் 2024 நவம்பரில் தோற்றதே என்று நீங்கள் கேட்கலாம். தோற்றது உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில் அந்தத் திருத்தத்தை விவரித்த வாசகம், புதிய ஆணையம் கட்சி லாபத்துக்காக எல்லைகளை வளைத்து வரையக் கட்டாயப்படுத்தப்படும் என்று கூறியது. எதை ஒழிக்க அது எழுதப்பட்டதோ அதையே அது செய்யும் என்று வாக்காளருக்குச் சொல்லப்பட்டது; அந்த வாசகத்தில் ஆளும் கட்சியின் செல்வாக்கே மேலோங்கியிருந்தது, மாநில உச்ச நீதிமன்றமும் அதன் பெரும்பகுதியை அனுமதித்தது.

நீங்கள் அடுத்து கவனிக்க வேண்டியது மிஸூரி. அங்கே 2024இல் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2025 மே மாதம், அதை நீக்கும் திருத்தத்தை 2026 வாக்கெடுப்புக்கு அனுப்பச் சபை தீர்மானித்தது. சிறுவயதுத் திருநருக்கான சிகிச்சைக்குத் தடை என்ற பகுதியையும் அதே கேள்விக்குள் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சிகிச்சைக்கு மிஸூரியில் 2023 முதலே சட்டப்படி தடை இருக்கிறது. ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றொன்றுக்கு இல்லை என்றும் சொல்ல விரும்பும் வாக்காளருக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை.

அன்புடன்.