மே மாதத்து 64 அணிகள்: அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் தேர்வு, கேள்வி பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பாலில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் டிவிஷன் 1 (மேல்மட்டப் பிரிவு) பட்டத்துக்கான கடைசிக் கட்டப் போட்டிக்கு அணிகளை எப்படி எடுக்கிறார்கள், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்திருக்கிறேன்.

சான் ஹோசே வாசகி: மகள் பள்ளியில் ஆடுகிறாள், எனக்கு விதி எதுவும் தெரியாது. அடியிலிருந்து சொல்லுங்கள்.

64 அணிகள், மூன்று கட்டங்கள்.

முதல் கட்டம் ரீஜனல். 16 ஊர்கள், ஊருக்கு நான்கு அணிகள், வெள்ளி முதல் ஞாயிறு வரை. இரண்டு முறை தோற்ற அணிதான் வெளியேறும். ஐ.பி.எல்.லில் முதல் இரண்டு இடத்து அணிகளுக்கு மட்டும் ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டல்லவா, இங்கே நான்கு அணிகளுக்குமே அந்த மன்னிப்பு உண்டு. ஊருக்கு ஓர் அணி மிஞ்சும்.

அடுத்த வாரக் கடைசியில் சூப்பர் ரீஜனல். மிஞ்சிய 16 அணிகளும் எட்டு ஜோடிகளாக மோதும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்ற அணி மேலே போகும்.

மூன்றாவது, ஓக்லஹோமா சிட்டியில் டெவன் பார்க் மைதானத்தில் நடக்கும் பெண்கள் கல்லூரி உலகத் தொடர். எட்டு அணிகள் நான்கு நான்காகப் பிரிந்து மறுபடியும் இரு தோல்வி முறையில் ஆடும். இரு பிரிவிலும் வென்றவர்கள் இறுதித் தொடரில் சந்திப்பார்கள். அதுவும் மூன்றில் இரண்டுதான்.

ரீஜனல்களில் 96 முதல் 112 ஆட்டங்கள், சூப்பர் ரீஜனலில் 16 முதல் 24, உலகத் தொடரில் 14 முதல் 17. ஆக, குறைந்தது 126, கூடினால் 153 ஆட்டங்கள்.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததல்ல. என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் உலகத் தொடர் 1982இல் ஒமாஹாவில் நடந்தது. 1990 முதல் ஓக்லஹோமா சிட்டிதான் களம், 1996 மட்டும் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ். 64 அணிகள் 2003இல் வந்தன, சூப்பர் ரீஜனல் 2005இல்.

டல்லாஸ் வாசகர்: அந்த 64 பேரை யார் எடுக்கிறார்கள்?

ஏறத்தாழ பாதிப் பேரை யாரும் எடுப்பதில்லை, அவர்கள் தாமாக வருகிறார்கள். ஒவ்வொரு கான்பரன்ஸுக்கும், அதாவது கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்குக்கும், ஒரு நேரடி இடம் உண்டு. பெரும்பாலும் அந்தக் கான்பரன்ஸின் மே மாதப் போட்டியை வென்ற அணிக்கு அது போகும். மிச்ச இடங்களைத் தேர்வுக் குழு நிரப்புகிறது. பயிற்சியாளர்களின் வட்டாரக் குழுக்கள் கருத்துச் சொல்லும், ஆனால் வாக்கு குழுவினுடையது. தன் கல்லூரி பேச்சுக்கு வரும்போது அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. சிறிய கான்பரன்ஸில் முழுப் பருவமும் முதலிடத்தில் நின்ற அணி, கடைசி வாரப் போட்டியில் சறுக்கினால் நேரடி இடம் வேறு அணிக்குப் போய்விடும். சறுக்கியது வலுவான அணியாக இருந்தால் குழு அதையும் உள்ளே எடுக்கும். அப்போது எங்கோ விளிம்பில் காத்திருந்த மூன்றாவது ஓர் அணிக்கு இடம் பறிபோகும்.

ஹூஸ்டன் வாசகர்: ஆர்.பி.ஐ. என்கிறார்களே, எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அணிகளை வரிசைப்படுத்தும் எண் அது. மூன்று எண்களின் கூட்டு. உங்கள் வெற்றி விகிதத்தில் கால் பங்கு. உங்களோடு ஆடியவர்களின் வெற்றி விகிதத்தில் அரைப் பங்கு. அவர்களோடு ஆடியவர்களின் வெற்றி விகிதத்தில் கால் பங்கு. எதிரணியின் விகிதத்தைக் கணக்கிடும்போது அவர்கள் உங்களோடு ஆடிய ஆட்டங்களை நீக்கிவிட வேண்டும். இதற்கு மேல் சில கூட்டல் கழித்தல்கள் உண்டு, அடிப்படை இதுதான்.

போட்டுப் பார்ப்போம். 'அ' அணி 50 ஆட்டங்களில் 40 வென்றது, விகிதம் 0.800. எதிரணிகளின் விகிதம் 0.500, அவர்களின் எதிரணிகளுக்கு 0.520. கால், அரை, கால் என்று எடுத்தால் 0.200 + 0.250 + 0.130 = 0.580.

'ஆ' அணி 50இல் 30தான் வென்றது, 0.600. ஆனால் எதிரணிகள் 0.600, அவர்களின் எதிரணிகள் 0.560. இதற்கு 0.150 + 0.300 + 0.140 = 0.590.

பத்து ஆட்டங்கள் கூடுதலாகத் தோற்ற அணி மேலே நிற்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு மே மாதப் பட்டியல் அதிர்ச்சி தராது. பிப்ரவரியில் யாரோடு ஆட ஒப்புக்கொண்டீர்கள் என்பதுதான் மே மாதத்தில் பேசும்.

ஆர்.பி.ஐ. மட்டுமே தீர்ப்பல்ல. முதல் 25, 50, 100 இடத்து அணிகளுக்கு எதிரான வெற்றி தோல்வி, நேருக்கு நேர் முடிவு, பொது எதிரணிகள், கான்பரன்ஸுக்கு வெளியே எடுத்த ஆட்டங்களின் கடினம் எல்லாமே குழுவின் மேஜையில் இருக்கும்.

கொலம்பஸ் வாசகர்: நெட் ரன் ரேட் போல ஏதாவது உண்டா?

ஆர்.பி.ஐ.யில் இல்லை. 1-0 என்று வென்றாலும், ஐந்து இன்னிங்ஸில் எட்டு ரன் முன்னிலை எடுத்து ஆட்டத்தை அங்கேயே முடித்தாலும் ஒரே வெற்றிதான்.

அட்லாண்டா வாசகர்: எங்கள் அணி பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பில் 14ஆம் இடம். ரீஜனல் எங்கள் ஊரில்தானே?

வாக்கெடுப்பு வேறு, சீடிங் வேறு. குழு 1 முதல் 16 வரை சீடு, அதாவது தகுதி வரிசை எண், கொடுக்கும். மைதானம் தகுதியாக இருந்து, நடத்த விண்ணப்பமும் கொடுத்திருந்தால் அந்த 16 அணிகளும் தம் ஊரில் ஆடும். வாக்கெடுப்பு இடம் தேர்வு அளவுகோல்களில் ஒன்றல்ல. அதைப் பார்த்து ஓட்டல் அறை எடுக்காதீர்கள்.

மினியாபொலிஸ் வாசகர்: 2017இல் எங்கள் மினசோட்டா 54 வெற்றி, 3 தோல்வி, வாக்கெடுப்பில் நாட்டிலேயே முதலிடம். 16 சீடுகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதையுமா நியாயம் என்பீர்கள்?

பாதி நியாயம், பாதி தவறு.

அந்த அணி வெற்றிகளைக் குவித்தது உண்மை. ஆனால் முதல் 25 இடத்து அணிகளோடு மோதிய ஆட்டங்கள் குறைவு. அதற்குப் பருவநிலைக்கும் பங்கு உண்டு. வடக்கே பிப்ரவரியில் மைதானம் பனிக்கடியில் கிடக்கும். பருவம் தொடங்கி வாரக்கணக்கில், மினசோட்டா ஆடும் பிக் டென் கான்பரன்ஸின் அணிகள் எல்லாம் கலிஃபோர்னியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போய்த்தான் ஆட வேண்டும். அங்கே அவை தோற்றால் கான்பரன்ஸ் முழுவதுமே இறங்கும். ஏனென்றால் கான்பரன்ஸுக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, கூட்டினால் பாதிதான். ஒரு கான்பரன்ஸின் மட்டத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வெளியாட்டங்களே. ஏப்ரலில் உங்கள் அணி எத்தனை வென்றாலும், தோழமை அணிகள் பிப்ரவரியில் தோற்றதை மாற்ற முடியாது.

பர்மிங்ஹாம் வாசகர்: அலபாமா 16ஆம் சீடு. எஸ்.இ.சி. கான்பரன்ஸில் வாரா வாரம் அடிபட்டு வந்த அணி. மினசோட்டா எங்களிடம்தான் தோற்று வெளியேறியது. குழு சரியாகத்தான் கணித்தது.

முடிவை வைத்துத் தேர்வை நியாயப்படுத்தக் கூடாது. அலபாமாவின் ஊரான டஸ்கலூசாவில் நடந்தது அலபாமாவின் திறமையைக் காட்டியது, குழுவின் கணிப்பை அல்ல. சொந்த ஊரில் ஆடிய அணி வென்றது என்றால், சொந்த ஊர் யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்ற கேள்விதான் மறுபடி எழும்.

மினியாபொலிஸ் வாசகர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். தவறு எந்தப் பாதி?

அனுப்பிய இடம். சீடு இல்லாத 48 அணிகளைப் பகிரும்போது குழு தூரத்தைப் பார்க்கும். 400 மைலுக்குள் என்றால் பேருந்து, அதற்கு மேல் விமானம், விமானச் செலவைக் குறைப்பதே நோக்கம். ஒரே கான்பரன்ஸ் அணிகள் ஒரே ரீஜனலில் மோதாமலும் பார்த்துக்கொள்வார்கள். மினசோட்டாவிலிருந்து டஸ்கலூசாவுக்கு எப்படியும் விமானம்தான். விமானம் ஏற்றுவது என்று முடிவான பிறகு எந்த ரீஜனலுக்கும் அனுப்பியிருக்கலாம். சீடு கொடுக்க மறுத்தது அளவுகோல்படி என்று வாதாடலாம். அவ்வளவு வலுவான அணியை, முதல் சீடு ஃப்ளோரிடாவோடு சூப்பர் ரீஜனலில் மோதவிருந்த 16ஆம் சீடின் வீட்டுக்கே அனுப்பியதற்குத் தூரமும் காரணமல்ல, செலவும் காரணமல்ல. அது மூன்று அணிகளுக்குமே இழைத்த அநீதி.

பர்மிங்ஹாம் வாசகர்: அப்படியானால் தூர விதியையே எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். 48 அணிகளையும் நாடு முழுக்கப் பறக்கவிட்டால் செலவு தாங்காது. 17 முதல் 32 வரை உள்ள அணிகளையாவது தகுதி வரிசையில் பரப்பினால் போதும்.

மினசோட்டாக்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 2019இல் அதே அணி 7ஆம் சீடாகி, சொந்த ஊரில் சூப்பர் ரீஜனல் நடத்தி, எல்.எஸ்.யு.வை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) வென்று, முதன்முறையாக உலகத் தொடருக்குப் போனது. இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராலே வாசகி: வாக்கெடுப்பில் 18ஆம் இடம். ரீஜனல் நடத்துவோமா?

வாக்கெடுப்பைப் பார்க்காதீர்கள். அட்லாண்டா வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

சியாட்டில் வாசகர்: ஒரே நல்ல பிட்சரை (பந்து வீசுபவர்) வைத்து ரீஜனலைத் தாண்ட முடியுமா?

தோற்காதவரை முடியும். ஆட்ட வரிசையைக் கையில் எழுதிப் பாருங்கள். வெள்ளி: 1, 2. சனி: வென்ற இருவர் ஆட்டம் 3, தோற்ற இருவர் ஆட்டம் 4, மூன்றில் தோற்றவரும் நான்கில் வென்றவரும் ஆட்டம் 5. ஞாயிறு: ஆட்டம் 6, தேவைப்பட்டால் 7.

தோற்காத அணிக்கு மூன்று நாளில் மூன்றே ஆட்டங்கள், ஒரு பிட்சர் தாங்குவார். வெள்ளியன்று தோற்றால் நிலைமை தலைகீழ். சனியன்று இரண்டு, ஞாயிறன்று இரண்டு, நான்கையும் வெல்ல வேண்டும். பந்து எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதி கிடையாது. பயிற்சியாளர் நிறுத்தாவிட்டால் வேறு யாரும் நிறுத்தப்போவதில்லை. சோர்வை விடவும் கெடுதல், ஒரே அணி அதே பிட்சரை இரண்டாம், மூன்றாம் முறை பார்ப்பது. முதல் நாள் ஏமாற்றிய, மேலெழும் ரைஸ் பந்தை ஞாயிறன்று அடிக்காமல் விட்டுவிடுவார்கள். இரண்டாவது பிட்சருக்கு மார்ச்சிலேயே கடினமான இன்னிங்ஸ் கொடுத்துப் பழக்காத அணி ஞாயிறு பிற்பகலில் சிக்கும்.

தோற்றவர் வழியில் வந்தும் வெல்லலாம். 2021 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், சீடே இல்லாத ஜேம்ஸ் மேடிசன் அணியிடம் ஓக்லஹோமா தோற்றது. பிறகு அதே அணியை அடுத்தடுத்து இருமுறை வென்று இறுதிக்குப் போய்ப் பட்டமும் எடுத்தது. ஓக்லஹோமாவிடம் பிட்சர்கள் பலர். ஜேம்ஸ் மேடிசன் பெரும்பாலும் ஒடிசி அலெக்சாண்டர் ஒருவரையே நம்பியிருந்தது.

பாஸ்டன் வாசகர்: முதல் சீடு ரீஜனலில் தோற்றால் சூப்பர் ரீஜனல் எங்கே?

1-16, 8-9, 4-13 என்று எந்தச் சீடு எதோடு மோதும் என்பது முன்பே போட்டாகிவிடும், நடுவில் மாற்றி அடுக்குவதில்லை. ஜோடியில் மிஞ்சிய உயர்ந்த சீடு நடத்தும். 2025இல் முதல் சீடு டெக்சாஸ் ஏ அண்ட் எம், தன் ஊரிலேயே லிபர்ட்டியிடம் ஏழாம் ஆட்டத்தில் வீழ்ந்தது. முதல் சீடு ரீஜனலிலேயே வெளியேறியது அதுவே முதல் முறை. 16ஆம் சீடு ஆரிகன் சூப்பர் ரீஜனலைத் தன் ஊரில் நடத்தி, வென்று, உலகத் தொடருக்கும் போனது. இரு பக்கமும் சீடு இல்லாதவர்கள் வந்தால் இடத்தைக் குழு முடிவு செய்யும்.

சால்ட் லேக் சிட்டி வாசகி: பி.ஒய்.யு. (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) ஞாயிற்றுக்கிழமை ஆடாதே?

ஆடாது. அது இருக்கும் ரீஜனலை வியாழனில் தொடங்கிச் சனியில் முடிப்பார்கள். அந்த ரீஜனலுக்குப் போகும் மற்ற மூன்று அணிகளுக்கும் பயணத்தில் ஒரு நாள் குறையும். சீட்டு எடுக்குமுன் தேதியைப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: தேர்வாகாத அணிகளுக்கு வேறு போட்டி உண்டா?

என்.ஐ.எஸ்.சி. என்ற அழைப்புப் போட்டி 2017 முதல் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ. நடத்துவதல்ல.

சிகாகோ வாசகி: டிவிஷன் 3இல் எப்படி? உதவித்தொகையும் சொல்லுங்கள்.

டிவிஷன் 3இன் தேர்வு முறை வேறு, அதற்குத் தனிக் கையேடு என்.சி.ஏ.ஏ. வெளியிடுகிறது. உதவித்தொகையைப் பற்றி அந்தந்தக் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தைக் கேளுங்கள். என் துறை அதுவல்ல.

சார்லட் வாசகர்: வாக்கெடுப்பில் 11ஆம் இடம்...

ஆர்.பி.ஐ. என்ன? முதல் 25 அணிகளோடு எத்தனை ஆடினார்கள், எத்தனை வென்றார்கள்? இந்த மூன்று எண்களோடு வாருங்கள், பேசலாம்.

ஆஸ்டின் வாசகி: மகள் ஆடும் அணி 20க்கும் 30க்கும் இடையில் இருக்கிறது. பெற்றோர் எதற்குத் தயாராக வேண்டும்?

சொந்த ஊருக்கு வாய்ப்பு குறைவு. தேர்வு ஞாயிறன்று அறிவிப்பு, வெள்ளியன்று ஆட்டம். நடுவில் நான்கே நாள். உங்கள் கான்பரன்ஸ் அணிகள் சீடு பெறக்கூடிய ஊர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், அங்கே அனுப்ப மாட்டார்கள். மிச்சத்தில் 400 மைலுக்குள் உள்ள ஊர்களைக் குறித்துக்கொண்டு, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் எடுங்கள். திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்கு எடுக்காதீர்கள். ஏழாம் ஆட்டம் வந்தால் நேரமாகிவிடும், மழை வந்தால் திங்கட்கிழமைக்கும் போய்விடலாம்.