கலன் போட்டும் கிணறு தெளியவில்லையா?

கேள்வி: எங்கள் பண்ணையில் 200 கறவை மாடுகள். சுற்றிலும் இதே அளவில் நாலைந்து பண்ணைகள். சாண எரிவாயுக் கலன் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் கிணற்று நீரில் லிட்டருக்கு 70 மில்லிகிராம் நைட்ரேட் என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. எங்கே தவறு?

பதில்: முதலில், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்குவதை இன்றே நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 50 மில்லிகிராம்தான். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

கலன்மேல் குற்றமில்லை. அது எடுப்பது மீத்தேனை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ளே போனபடியே ஸ்லரியில், அதாவது கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசலில், வந்துவிடும். அதிலும் தழைச்சத்து இன்னும் அதிகமாக அமோனியமாக மாறியிருக்கும். பயிர் சட்டென்று எடுத்துக்கொள்ளும். மேலாக இறைத்துவிட்டால் காற்றோடும் போய்விடும். பயிர் எடுத்ததுபோக மிஞ்சியது மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு கிணற்றுக்கு இறங்கும்.

நான் ஒரு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதே தவற்றைச் செய்தேன். மழைக்கு முன்னால் தொட்டி நிரம்பும். ஸ்லரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், தூரத்துக்கு ஓட்டினால் டீசல் காசுகூடத் தேறாது. அதனால் டேங்கர் எப்போதும் கொட்டகையை ஒட்டிய வயலுக்கே போகும். மண் பரிசோதனை செய்தபோது அங்கே மணிச்சத்து குவிந்து கிடந்தது. கடைசி வயலோ சத்தில்லாமல் காய்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே பண்ணை! மனசு கேட்கவே இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நன்றாகக் கறக்கும் மாடு வருஷத்துக்குச் சுமார் 100 கிலோ தழைச்சத்தைக் கழிக்கிறது. உங்களுக்கு 20,000 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் கொண்டுவந்த நைட்ரேட் நெறிமுறையில் கால்நடை எருவுக்கு வைத்த வரம்பு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 170 கிலோ தழைச்சத்து. அந்த அளவில் போட உங்களுக்குக் கிட்டத்தட்ட 120 ஹெக்டேர் வேண்டும். தீவனம் வெளியிலிருந்து வருகிறது, சாணம் மட்டும் இங்கேயே தங்குகிறது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் இதே கதைதான்.

ஸ்லரியைப் பிழிந்து திடம் தனி, திரவம் தனியாகப் பிரியுங்கள். திடத்தில் மணிச்சத்து செறிவாக இருக்கும், எடையும் குறைவு. மாடில்லாத விவசாயிகளுக்கு ஏற்றி அனுப்பலாம். திரவத்தைப் பயிர் வளரும் பருவத்தில் மண்ணுக்குள் செலுத்துங்கள், மழைக்கு முன் வேண்டவே வேண்டாம். தீவனத்தில் தேவைக்கு மேல் போகும் புரதத்தையும் குறையுங்கள், அது தழைச்சத்தாக மூத்திரத்தில்தான் போகிறது.

ஸ்லரிக் குழியைக் கலக்கும்போது யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்; காப்பாற்றப் போனவரும் விழுவார்.

வயல்வாரியாக மண் பரிசோதனை முடிவையும் நிலப் பரப்பையும் எழுதி அனுப்புங்கள். மாட்டின் எண்ணிக்கையைப் பற்றி அப்புறம் பேசலாம்.